பட்டிமன்றத்தில் விடுபட்ட பெயர்

சென்ற பொங்கல் விழாவன்று நமது சங்க மண்டபத்தில் நடந்த பட்டிமன்றத்தை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். “திரையுலகின் தலைசிறந்த நடிகர் யார்?” என்பது தலைப்பு. மக்கள் திலகத்துக்கு ஓர் அணி, நடிகர் திலகத்துக்கு ஓர் அணி, இளைஞர்களைத் திருப்திப்படுத்த ரஜினி–கமல் என்று மூன்றாவதாக ஓர் அணி. பொங்கலும் வடையும் தீர்ந்த பிறகும் கூட்டம் கலையவில்லை. இங்கே பெங்களூரில் நாம் நடத்தும் கூட்டங்களில் குடிநீர் வசதி பற்றிப் பேசினால் முப்பது பேர் வருவார்கள்; பள்ளிக்கூடம் பற்றிப் பேசினால் இருபது பேர்; சினிமா நடிகர் என்றால் உட்கார இடம் இருக்காது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நானும் முன்வரிசைக்காரன்தான்.

அன்று நான் நடுவர். நடுவரின் தீர்ப்பு என்ன என்று இதழாசிரியர் இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அன்று மேடையில் நான் தீர்ப்புச் சொல்லவில்லை. “எல்லோரும் நன்றாகப் பேசினார்கள்” என்று மழுப்பிவிட்டு இறங்கினேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தைச் சொல்லாமல் தீர்ப்பைச் சொல்வது நேர்மையாகாது.

பேச்சு சூடு பிடித்திருந்த வேளையில் பின்வரிசையிலிருந்து ஓர் இளைஞர் எழுந்தார். நம் பகுதியிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய தாத்தா என்னோடு மில்லில் வேலை பார்த்தவர். “ஐயா, ராஜ்குமார் பெயரை ஏன் யாரும் சொல்லவில்லை?” என்று கேட்டார். அவ்வளவுதான். “இது தமிழ்ச் சங்கமா, வேறு சங்கமா?” என்றார் ஒருவர். “அங்கே போய்க் கேள்” என்றார் இன்னொருவர். யாரோ சீட்டி அடித்தார்கள். அந்தத் தம்பி மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நடுவர் நாற்காலியில் இருந்த நான் என்ன செய்தேன்? மணியை அடித்து அடுத்த பேச்சாளரை அழைத்தேன். தம்பி எழுந்து வெளியே போனார். அவர் தாயார் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து பின்னாலேயே போனதை நான் பார்த்தேன்.

தலைப்பில் “தமிழ்த் திரையுலகின்” என்ற சொல் இல்லை. தலைப்பை எழுதிக் கொடுத்தவன் நானே. ஆகவே அந்தத் தம்பி கேட்டதில் தவறில்லை. மணி அடித்ததுதான் தவறு. அந்தத் தவறை வைத்துக்கொண்டே இக்கட்டுரையைத் தொடங்குகிறேன்.

முதலில் மேடையில் வைக்கப்பட்ட வாதங்களைப் பார்ப்போம்.

எம்.ஜி.ஆர். அணியினர் வைத்த வலுவான வாதம் வாக்குப் பெட்டி. 1972-இல் கட்சியிலிருந்து நீக்கப்பட்டவர் தனிக் கட்சி கண்டு 1977-இல் முதலமைச்சரானார். 1987 டிசம்பர் 24-இல் மறைந்தபோதும் அந்த நாற்காலியில் இருந்தார். சிவாஜியோ 1988-இல் தனிக் கட்சி கண்டு, 1989 தேர்தலில் திருவையாற்றில் தோற்றார். ஆகவே எம்.ஜி.ஆரே பெரியவர் என்றார்கள். நல்ல கைதட்டல் கிடைத்தது. ஆனால் இது நடிப்பைப் பற்றிய வாதமா? ஒருவர் கையில் ஆட்சியைக் கொடுக்கலாமா என்று மக்கள் எண்ணிப் பார்த்ததற்கான விடை அது. அழுதால் நமக்கும் அழுகை வருகிறதா என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. வாக்குப் பெட்டிதான் அளவுகோல் என்றால் நாகேஷுக்கு எந்த இடம்? எம்.ஆர். ராதாவுக்கு எந்த இடம்? “சர்வர் சுந்தரம்” படத்தில் (1964) தட்டுகளை அடுக்கிக்கொண்டு அந்த ஒல்லி மனிதர் ஓடிய ஓட்டத்தில் ஓட்டல் வேலைக்கு வந்த நம் பிள்ளைகள் எத்தனை பேர் தங்களையே பார்த்தார்கள்! அவருக்கு ஒரு வார்டு உறுப்பினர் பதவிகூடக் கிடைத்ததில்லை.

சிவாஜி அணியினர் விருதுகளை அடுக்கினார்கள். 1960-இல் கெய்ரோவில் நடந்த ஆப்பிரிக்க–ஆசியத் திரைப்பட விழாவில் “வீரபாண்டிய கட்டபொம்மன்” படத்துக்காகச் சிறந்த நடிகர் விருது. 1995-இல் பிரெஞ்சு அரசின் செவாலியே. பிறகு தாதாசாகேப் பால்கே விருது. எல்லாம் உண்மை. ஆனால் உடனே எதிரணியினர் எழுந்து, இந்திய அரசின் சிறந்த நடிகர் விருது சிவாஜிக்கு ஒருமுறைகூடக் கிடைத்ததில்லை, “ரிக்‌ஷாக்காரன்” படத்துக்காக (1971) எம்.ஜி.ஆருக்குத்தானே கிடைத்தது என்றார்கள். அதுவும் உண்மை. கமல்ஹாசனுக்கு மூன்று முறை கிடைத்ததே என்றார்கள் இளைஞர்கள். அதுவும் உண்மைதான். இப்படியே போனால் டெல்லியில் விருதுக் குழுவில் உட்கார்ந்திருந்த நாலைந்து பேரைத்தான் நாம் தலைசிறந்த நடிகர் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும்!

ஓடிய நாட்கள், விழுந்த மாலைகள், எரிந்த கற்பூரம் என்று மற்ற கணக்குகளும் வந்தன. அவற்றை விட்டுவிடுகிறேன்.

என் துணைவியார் வீட்டுக்கு வந்ததும் கேட்ட கேள்வி இவை எல்லாவற்றையும்விடக் கூர்மையானது. “நடிகர் என்றால் மீசை இருக்க வேண்டுமா? சாவித்திரி என்ன செய்தாள்? ஆயிரம் படத்துக்கு மேல் நடித்த மனோரமா என்ன செய்தாள்?” என்றார். பதில் சொல்ல முடியவில்லை. அது தனிக் கட்டுரைக்குரிய விஷயம். அதை அவரே எழுதுவது பொருத்தம். கேட்டிருக்கிறேன்.

இனி நடிப்புக்கு வருவோம். நாம் பெருமை பேசும் இந்த மூவரும் — ராஜ்குமாரையும் சேர்த்து மூவர் என்கிறேன் — எங்கிருந்து வந்தார்கள்? கல்லூரியிலிருந்தா? எம்.ஜி.ஆர். தந்தையை இழந்து, இலங்கையிலிருந்து தாயாருடன் கும்பகோணம் வந்து, வறுமை தாங்காமல் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தவர். கணேசன் சிறுவயதிலேயே வீட்டை விட்டு நாடகக் கம்பெனியில் சேர்ந்து பெண் வேடம் கட்டியவர். முத்துராஜ் என்ற இயற்பெயர் கொண்ட ராஜ்குமார், குப்பி வீரண்ணாவின் நாடகக் கம்பெனியில் நடித்த தந்தையின் பின்னால் போய் அதே கம்பெனியில் சிறு வேடங்கள் போட்டு வளர்ந்தவர். மூவருக்கும் பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. இன்றைய சட்டப்படி பார்த்தால் மூவரும் குழந்தைத் தொழிலாளர்கள். பத்து வயதில் தீப்பெட்டி ஒட்டப் போனவர்களும், ஓட்டலில் மேசை துடைக்கப் போனவர்களும் நம்மில் உண்டு. அவர்களுக்கு இது புரியும். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைத் தரை டிக்கெட்டுக்காரனுக்கும் குரல் கேட்க வேண்டும், முகத்தின் அசைவு தெரிய வேண்டும். அதற்காகவே குரலை உயர்த்தவும் கையை வீசவும் பழகினார்கள். “சிவாஜி மிகை நடிப்பு” என்று நாக்கு நுனியில் சொல்லிவிட்டுப் போகிறவர்கள், அந்த நடிப்பு யாருக்காகப் பழகப்பட்டது என்பதை யோசிப்பதில்லை. நம்மைப் போன்ற கடைசி வரிசைக்காரனுக்காகத்தான் அது.

எம்.ஜி.ஆருக்கு நடிக்கத் தெரியாது என்று சிவாஜி அணியில் ஒருவர் பேசினார். அதை நான் ஏற்கவில்லை. 1967 ஜனவரி 12-இல் தொண்டையில் குண்டு பாய்ந்து குரல் சேதப்பட்டது. நடிகனுக்குக் குரல்தான் முதல். முதல் போன பிறகும் பத்தாண்டுகளுக்கு மேல் அதே குரலை வைத்துக்கொண்டு கொட்டகையை நிறைத்தவர் அவர். சொல்லால் செய்ய முடியாததைச் சிரிப்பாலும் நடையாலும் கையை உயர்த்துவதாலும் செய்தார். அதற்குப் பெயர் என்ன? நடிப்புதான். ஆனால் அவர் எந்தப் படத்திலும் எம்.ஜி.ஆராகவே இருந்தார். படகோட்டியானாலும் விவசாயியானாலும் தொழிலாளியானாலும் உடை மாறியதே தவிர ஆள் மாறவில்லை. மக்களும் மாறுவதை விரும்பவில்லை. தங்களை ஒருவன் கைவிடமாட்டான் என்ற நம்பிக்கையைப் படத்துக்குப் படம் பார்த்து உறுதிப்படுத்திக்கொள்ளவே போனார்கள். பிழைக்க வந்த இடத்தில் யாருமற்று நின்ற நாட்களில் எனக்கும் அந்த நம்பிக்கை தேவைப்பட்டது என்பதை ஒளிக்கவில்லை.

சரி, ராஜ்குமாரை ஏன் இழுக்கிறேன்? காரணம் எளிது. இரண்டு நடிகர்களை ஒப்பிட வேண்டுமானால் ஒரே வேடத்தில் இருவரையும் பார்ப்பதைவிட நல்ல வழி கிடையாது. எம்.ஜி.ஆரும் சிவாஜியும் ஒரே கதையில் மாறி மாறி நடித்ததை நாம் பார்த்ததில்லை. ஆனால் அவர்கள் இருவருமே ராஜ்குமார் நடித்த வேடங்களை ஏற்று நடித்திருக்கிறார்கள்! மேடையில் முழங்கியவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? 1970-இல் கன்னடத்தில் வந்த “பாளு பெளகிது” என்ற ராஜ்குமார் படம்தான் 1976-இல் எம்.ஜி.ஆரின் “ஊருக்கு உழைப்பவன்”. 1978-இல் ராஜ்குமார் மூன்று வேடங்களில் நடித்த “சங்கர் குரு”தான் 1979-இல் சிவாஜியின் இருநூறாவது படமான “திரிசூலம்”. நாம் திருவிழாக் கொண்டாடிய படம்! அதே கதையை 1983-இல் அமிதாப் பச்சன் “மகான்” என்ற பெயரில் இந்தியில் செய்தார். ரஜினியின் “பொல்லாதவன்” (1980), “மன்னன்” (1992) இரண்டும் ராஜ்குமாரின் “பிரேமத காணிகே”, “அனுராக அரளிது” படங்களிலிருந்து வந்தவையே. இங்கே கெம்பேகவுடா சாலையில் ஓடியதைத்தான் நாம் சில ஆண்டுகள் கழித்து அல்சூர்ப் பக்கத்துக் கொட்டகைகளில் தமிழில் பார்த்துக் கைதட்டினோம்.

“திரிசூலம்” படத்தைப் பொறுத்தவரை சிவாஜி ரசிகனான என்னால் நடுநிலையாக இருக்க முடியாது. மூன்று வேடத்தையும் அவர் ஊதித் தள்ளினார் என்பது என் கட்சி. எனினும் “கஸ்தூரி நிவாசா” விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியவில்லை.

“கஸ்தூரி நிவாசா” 1971-இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். ஜி. பாலசுப்ரமணியம் எழுதிய கதை. முதலில் சிவாஜிக்காகவே எழுதப்பட்டது, சோக முடிவு பிடிக்காமல் அவர் தள்ளிவிட்டார் என்று திரைத்துறையினர் சொல்வதுண்டு. கொடுத்தே பழகிய குடும்பத்தில் பிறந்த தொழிற்சாலை முதலாளி. தன்னிடம் வேலை பார்த்தவனே எதிரியாக எழுந்து நிற்க, எல்லாவற்றையும் இழந்தும் கொடுக்கும் வழக்கத்தை விடமாட்டார். இறுதியில் தன் குழந்தைக்காக ஒரு பெண் வந்து அவர் ஆசையாய் வளர்த்த புறாவைக் கேட்கிறாள். வந்தவளுக்குச் சாப்பாடு போடவும் வழியில்லாத அந்த வீட்டில், அந்தப் புறா அதற்குள் கைவிட்டுப் போயிருக்கிறது. கொடுக்க இல்லை. வாழ்நாளில் முதல்முறையாகக் கொடுக்க இல்லை.

அந்த இடத்தில் ராஜ்குமார் கத்தவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுற்றவில்லை. நிமிர்ந்த முதுகு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்வதை மட்டும் காட்டுகிறார். வீட்டுக்கு வந்த உறவினருக்குக் காப்பி போடப் பாலில்லாமல் அடுப்பங்கரையில் நின்றிருக்கும் எவருக்கும் அந்த முதுகு தெரியும். மில் மூடிய ஆண்டில் என் வீட்டுக்கு ஊரிலிருந்து அக்கா வந்தார். அன்று நான் எப்படி நின்றேனோ அப்படித்தான் அவர் திரையில் நின்றார். வசனத்தில் பாதி எனக்குப் புரியாத காலத்தில் முதலில் பார்த்தேன். 2014-இல் வண்ணம் சேர்த்து மறுபடி வெளியிட்டபோது பேத்தியோடு போய்ப் பார்த்தேன். கொட்டகையில் தலை நரைத்த ஆண்கள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

அதே கதையைத்தான் 1975-இல் “அவன்தான் மனிதன்” என்று சிவாஜி நடித்தார். நல்ல படம், நன்றாகவே நடித்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அங்கே ஒரு பெரிய நடிகர் வள்ளலாக நடிப்பதை நான் பார்த்தேன். கன்னடத்தில் நடிகர் மறைந்து வள்ளல் மட்டும் இருந்தார். இந்த ஒரு கதையில் ராஜ்குமார் முந்துகிறார். ஐம்பது ஆண்டுகளாகச் சிவாஜி படத்துக்கு முதல் நாள் முதல் காட்சிக்குப் போனவன் எழுதுகிறேன். யாருக்கு வேண்டுமானாலும் கோபம் வரட்டும்.

அப்படியானால் தீர்ப்பு ராஜ்குமாருக்கா? இல்லை. ஒரு படத்தை வைத்து அல்ல, மொத்த அறுவடையை வைத்துத்தான் தீர்ப்பு. “தில்லானா மோகனாம்பாள்” (1968) படத்தில் நாதசுரத்தை வாயில் வைத்தால் கன்னமும் கண்ணும் விரலும் ஒருசேர வித்துவானாகி விடுகின்றன. வாசித்தவர்கள் மதுரை சேதுராமன்–பொன்னுசாமி சகோதரர்கள் என்று தெரிந்திருந்தும் நம்ப மனம் வருவதில்லை. “நவராத்திரி” (1964) படத்தின் ஒன்பது பேரும் ஒன்பது நடை நடந்தார்கள். இந்தியில் அதைச் செய்து பார்த்த சஞ்சீவ் குமார் சாதாரண நடிகர் அல்லர். அவருக்கே மூச்சு வாங்கியது. “கப்பலோட்டிய தமிழன்” (1961) படத்தில் செக்கிழுத்த சிதம்பரனாரின் மெலிந்த உடம்பு. சரி, அவருக்கு அடக்கி நடிக்கத் தெரியாதா என்றால், சிவசமுத்திரம் பக்கத்துக் காவிரிக் கரையில் பாரதிராஜா எடுத்த “முதல் மரியாதை” (1985) இருக்கிறது. ஒரு பார்வையில், ஒரு பெருமூச்சில் ஒரு முதியவரின் முழு வாழ்க்கையையும் சொல்லிவிட்டார். இத்தனை விதமான மனிதர்களாக மாறியவர் வேறு யாரும் இல்லை. ஆகவே என் தீர்ப்பு நடிகர் திலகத்துக்கே. ஆனால் “நம்மவர் என்பதால்” என்ற வார்த்தை என் தீர்ப்பில் இல்லை. அந்த வார்த்தையைச் சேர்த்தால் சிவாஜிக்குத்தான் அவமரியாதை; சலுகை மதிப்பெண் போட்டுத் தேர்ச்சி கொடுத்தது போலாகும்.

நம்மவர், அந்நியர் என்று பிரிக்கிறோமே, திரையுலகம் அப்படியா இருந்தது? கட்டபொம்மனையும் சிதம்பரனாரையும் திரையில் நமக்குக் காட்டிய இயக்குநர் பி.ஆர். பந்துலு இந்தக் கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் பிறந்தவர். அவர்தான் ராஜ்குமாரை வைத்து “ஸ்ரீகிருஷ்ணதேவராயா” எடுத்தவரும். “பராசக்தி”யில் (1952) சிவாஜிக்கும், “பேடர கண்ணப்பா”வில் (1954) ராஜ்குமாருக்கும், அதாவது இருவரும் நாயகனாக நடித்த முதல் படத்திலும் நாயகி ஒருவரே: பண்டரிபாய். எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் ஜோடியாக அத்தனை படங்களில் நடித்த சரோஜாதேவி, 2025-இல் மறைந்தாரே, அவர் இந்தப் பெங்களூர்ப் பெண். ரஜினி இங்கே பி.டி.எஸ். பஸ்ஸில் டிக்கெட் கிழித்த மராத்திக் குடும்பத்துப் பிள்ளை. எம்.ஜி.ஆர். பிறந்தது இலங்கையில் கண்டிக்கு அருகே, மலையாளக் குடும்பத்தில். கணேசனுக்குப் பெரியார் கொடுத்த பட்டமோ மராட்டிய மன்னனின் பெயர்! ராஜ்குமார் நெடுங்காலம் சென்னையில் குடியிருந்தார்; கன்னடப் படங்கள் பெரும்பாலும் அங்கேதான் தயாராயின. அவருடைய மக்கள் சிவராஜ்குமாரும் புனீத்தும் சென்னையில் பிறந்தவர்கள். பிழைப்புக்காக மொழி எல்லை தாண்டிப் போய், போன இடத்தில் வீடு பிடித்து, பிள்ளை பெற்று வளர்த்தவர்கள் இவர்கள். தோழர்களே, நாம் வேறு என்ன செய்துகொண்டிருக்கிறோம்?

ராஜ்குமார் பிறந்த காஜனூர் இன்று தமிழ்நாட்டில், ஈரோடு மாவட்டத்தில் தாளவாடிப் பக்கம் இருக்கிறது. அந்த ஊரில்தான் 2000 ஜூலை 30 இரவு வீரப்பன் அவரைக் கடத்தினான். நவம்பர் 15-இல் விடுவிக்கும் வரை 108 நாட்கள். அந்த நாட்களை இங்கே வாழ்ந்தவர்கள் மறக்க முடியாது. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தில் ஓடி ஒளிந்தவர்களுக்கு மறுபடி அடிவயிறு கலங்கியது. என் பிள்ளைகளைத் தெருவில் தமிழ் பேசாதீர்கள் என்று சொன்னேன். ஒரு தகப்பன் அப்படிச் சொல்ல நேர்ந்தது வெட்கம்தான், ஆனால் சொன்னேன். அடுத்த வீட்டுக் கன்னட அம்மாள் தினமும் காலையில் எங்கள் வாசலில் வந்து நின்று, “அண்ணாவரு பற்றிச் செய்தி வந்ததா?” என்று கேட்பார். அவர் வீட்டில் வானொலி இல்லாமலில்லை. எங்கள் வாசலில் தினமும் அவர் நின்றால் தெருவில் வேறு எவனும் வந்து நிற்கமாட்டான் என்பதற்காகவே வந்தார் என்று எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

வீரப்பன் வைத்த கோரிக்கைகளில் ஒன்று, அல்சூர் ஏரிக்கரையில் 1991 முதல் மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலையைத் திறப்பது. நமது சங்கங்கள் மனுக் கொடுத்து, ஊர்வலம் போய், பொறுமையாகக் கேட்டுவந்த கோரிக்கை அது. துப்பாக்கிக்காரன் வாயிலிருந்து அது வந்ததும் நாம் வாயைத் திறக்க முடியாமல் போயிற்று. பிறகு 2009 ஆகஸ்ட் 9-இல் சிலை திறக்கப்பட்டது எப்படி? இரு மாநில முதலமைச்சர்களும் பேசி, இங்கே வள்ளுவர், நான்கு நாள் கழித்துச் சென்னையில் சர்வக்ஞர் என்று ஒப்புக்கொண்டதால். கொடுத்து வாங்கியதால் திறந்தது. அந்த நிகழ்ச்சிக்குப் போய் முன்வரிசையில் கைதட்டிய நாம், நம் மண்டபத்துக்குள் ஒரு கன்னட நடிகரின் பெயரைச் சொன்ன நம் பிள்ளையை விரட்டுகிறோம். 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் இங்கே எரிந்தபோது, “எங்களையும் இந்த ஊர்க்காரர்களாக மதியுங்கள்” என்று அறிக்கை விட்டோமே, அதே மண்டபத்தில்தான்.

அந்தத் தம்பியின் வீட்டுக்குப் போன வாரம் போனேன். அவர் கதவைத் திறந்து, “வாங்க தாத்தா” என்றார். மணி அடித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னார்: “நான் ராஜ்குமார்தான் பெரியவர் என்று சொல்ல வரவில்லை தாத்தா. அம்மாவும் நானும் சிவாஜி கட்சிதான். ஒரே கதையில் இரண்டு பேரும் நடித்திருக்கிறார்களே, அதைச் சொல்லிச் சிவாஜிக்கு வாதாடலாம் என்றுதான் எழுந்தேன்.” மேலே நான் எழுதிய ஒப்பீட்டில் பாதி அவர் சொன்னது. அவர் வாதாட நினைத்தது சிவாஜிக்காக. நான் படத்தைப் பார்த்துவிட்டு ராஜ்குமார் பக்கம் சாய்ந்தேன். அதைப் பற்றி இன்னும் எங்களுக்குள் வழக்கு தீரவில்லை.

வழக்கைத் தீர்க்கச் செயற்குழுவின் ஒப்புதலோடு ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். வரும் மாதம் முதல் ஞாயிறு மாலை 4 மணிக்கு மண்டபத்தில் “கஸ்தூரி நிவாசா”. அடுத்த ஞாயிறு அதே நேரத்தில் “அவன்தான் மனிதன்”. முதல் படத்துக்குக் கன்னட வசனம் புரியாதவர்களுக்கு அந்தத் தம்பியே இடையிடையே சொல்வார். அக்கம்பக்கத்துக் கன்னடக் குடும்பங்களையும் அழைத்திருக்கிறோம். அடுத்த வீட்டு அம்மாளுக்கு இப்போது நடை தளர்ந்துவிட்டது, ஆட்டோவில் அழைத்துவர என் மகன் ஒப்புக்கொண்டிருக்கிறான். இரண்டாம் ஞாயிறு படம் முடிந்ததும் சீட்டு எழுதிப் போடலாம். சீட்டை எண்ணும் பொறுப்பு பெண்கள் பிரிவுக்கு. நாற்காலி அறுபதுதான் இருக்கிறது. பாய் உள்ளவர்கள் கொண்டுவாருங்கள்.